காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி எங்கே?

"இனிமேல் ஆளே வேண்டாம், யந்திரத்தை யந்திரமே கவனித்துக்கொள்ளும்" என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. மில்லில் ஆட்டோகோனர் வந்தபோது கேட்டோம். வயலில் அறுவடை யந்திரம் இறங்கியபோது கேட்டோம். இப்போது அதே பேச்சு கம்ப்யூட்டர் உலகத்திலிருந்து வருகிறது. அங்கே இதைத் 'தானே குணமாகும் கிளஸ்டர்' என்கிறார்கள். ஏதோ லேகிய விளம்பரம் போலிருக்கிறதே என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் விவசாயத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் இன்று அந்த வேலையில் இருக்கிறார்கள். ஆகவே விஷயம் என்னவென்று கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்பது அவசியம்.

சமீபத்தில் ஒரு மில் கேட் கூட்டம் கலைந்த பிறகு தோழர் ஒருவர் நம்மைப் பிடித்துக்கொண்டார். சென்னையில் வேலை பார்க்கும் அவருடைய மகன் பொங்கலுக்கு வந்திருந்தானாம். சாப்பிடும்போது இலையை விட்டு இரண்டு தடவை எழுந்து ஓடினானாம். "என்னப்பா?" என்று கேட்டதற்கு, "கண்டெய்னர் விழுந்துவிட்டது" என்று சொன்னானாம். "எந்தத் துறைமுகத்திலே என்று கேட்டேன், சிரிக்கிறான். லாரியும் இல்லை, கப்பலும் இல்லை. அப்படி என்னங்க கண்டெய்னர் அது?" என்று கேட்டார் தோழர்.

தோழர் கேட்டதில் தப்பே இல்லை. துறைமுகத்திலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது. 1956 ஏப்ரல் 26ஆம் தேதி, அமெரிக்காவில் நெவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் மூட்டை, பீப்பாய், பேல் என்று ஒவ்வொன்றையும் தொழிலாளி தோளில் தூக்கி ஏற்றினார். ஒரு டன் ஏற்ற ஏறக்குறைய 5 டாலர் 83 சென்ட் ஆயிற்று. பெட்டி வந்தபின் அதே டன்னுக்கு 16 சென்ட் கூட ஆகவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கப்பலுக்கும் கவலையில்லை, கிரேனுக்கும் கவலையில்லை. எல்லாப் பெட்டியும் ஒரே அளவு. எங்கும் ஏற்றலாம், எங்கும் இறக்கலாம்.

கம்ப்யூட்டர்க்காரர்கள் இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு புரோகிராம் ஓட வேண்டுமானால் அதற்குப் பல துணைச் சாமான்கள் வேண்டும். ஒரு யந்திரத்தில் ஓடுவது இன்னொன்றில் ஓடாது. "என் மெஷினில் ஓடியதே!" என்பது அந்தத் தொழிலில் தினசரி நடக்கும் சண்டை. ஆகவே புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே பெட்டியாகக் கட்டிவிட்டால் எங்கும் ஓடுமே என்று யோசித்தார்கள். பெட்டி கட்டும் வித்தை அதற்கு முன்பே உண்டு. 2013இல் 'டாக்கர்' என்ற கருவி வந்து அதைச் சாதாரண வேலையாக்கிவிட்டது. இந்தக் கண்டெய்னருக்கு இரும்பு கிடையாது, எடையும் கிடையாது. எல்லாம் எழுத்துதான்.

'மேகம்' என்கிறார்களே, அதுவும் வானத்தில் இல்லை. பெரிய கொட்டகை. அதில் வரிசை வரிசையாக சர்வர் என்ற கம்ப்யூட்டர்கள். நம் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ரிங் பிரேமுக்குப் பதில் சர்வர் அடுக்கு. பஞ்சு தூசி இல்லை, சூடும் இரைச்சலும் உண்டு. இப்படிப்பட்ட பல சர்வர்களை ஒன்றாகக் கட்டி ஒரே யந்திரம் போல ஓட்டுவதற்குத்தான் கிளஸ்டர் என்று பெயர். கூகுள் கம்பெனி தன் கொட்டகைகளில் 'போர்க்' என்ற ஏற்பாட்டை வைத்து, ஒரு தொகுதிக்குச் சுமார் 10,000 யந்திரம் என்ற கணக்கில் ஓட்டி வந்ததை 2015இல் அவர்களே கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்த அனுபவத்தை வைத்து எழுதப்பட்டு, 2014 ஜூனில் உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிடப்பட்டதுதான் 'குபர்நெட்டீஸ்'. கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவன் என்று அர்த்தம்.

இந்தச் சுக்கான்காரர் என்ன செய்கிறார்? நம் சைடர் செய்கிற வேலையைத்தான் செய்கிறார். ஆயிரம் கதிர் ஓடும் பிரேமில் எல்லாக் கதிரும் நூல் சுற்ற வேண்டும். சைடர் சுற்றிச் சுற்றி வருகிறார். எங்கே இழை அறுந்திருக்கிறது என்று பார்க்கிறார், பிடித்து ஒட்டுகிறார், மறுபடி நடக்கிறார். குபர்நெட்டீசும் அப்படியே. "இந்தக் கண்டெய்னர் 3 ஓட வேண்டும்" என்று ரிஜிஸ்தரில் எழுதி வைத்துவிட்டால் போதும். அது ஓயாமல் எண்ணிப் பார்க்கும். இரண்டுதான் ஓடுகிறது என்றால் மூன்றாவதைத் தானே துவக்கும். ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சின்ன மேஸ்திரி உட்கார்ந்திருக்கிறது. 10 விநாடிக்கு ஒரு தடவை "உயிரோடு இருக்கிறேன்" என்று ஆபீசுக்குத் தகவல் கொடுக்கிறது. தகவல் நின்று போய் ஐந்து நிமிஷமும் சொச்சமும் ஆனால், அந்த சர்வரில் இருந்த வேலை வேறு சர்வருக்குப் போய்விடும்.

ஒரு கண்டெய்னர் துவக்கியதும் விழுந்தால் 10 விநாடி பொறுத்து மறுபடி துவக்கும். மறுபடி விழுந்தால் 20 விநாடி. அப்புறம் 40. இப்படி ஐந்து நிமிஷம் வரை இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும், கைவிடாது. (நம் மேஸ்திரிமாரில் சிலருக்கு இந்தப் பொறுமை இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!) ஒவ்வொரு கண்டெய்னருக்கும் இவ்வளவு ஞாபக சக்திதான் என்று ரேஷன் கட்டியிருக்கிறது. அளவு மீறினால் அந்த இடத்திலேயே வெட்டு. 137 என்ற எண்ணைக் குறித்து வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று துவக்கப்படும். இவ்வளவையும் ஆள் தொடாமல் செய்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நல்ல வேலைப்பாடு என்றே சொல்ல வேண்டும்.

அடுத்தது கண்காணிப்பு. 2012இல் பெர்லின் நகரத்தில் சவுண்ட்கிளவுடு என்ற பாட்டுக் கம்பெனியில் தொடங்கிய 'புரோமித்தியஸ்' என்ற கருவி இதில் பேர் பெற்றது. அது ஒவ்வொரு யந்திரத்திடமும் தானே போய், 15 விநாடிக்கோ ஒரு நிமிஷத்துக்கோ ஒரு தடவை, "எத்தனை பேர் வந்தார்கள்? எவ்வளவு தாமதம்? எத்தனை பிழை? இன்னும் எவ்வளவு தாங்குவாய்?" என்று கேட்டுக் குறித்து வருகிறது. குறிப்பெல்லாம் திரையில் கோடுகளாக ஏறி இறங்கும். கோடு ஓர் அளவைத் தாண்டினால் மணி அடிக்கும்.

மணி அடிக்கும் என்றால், யாருடைய காதில் அடிக்கும்? இங்கேதான் விளம்பரம் நிற்கிறது, நம் விஷயம் தொடங்குகிறது. மணி ஒரு மனிதனுடைய காதில் அடிக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குத் தலைமாட்டில் வைத்த போனில் அடிக்கிறது. 'ஆன் கால்' என்று அதற்குப் பெயர். வாரக் கணக்கில் முறை வைத்து, இந்த வாரம் நீ, அடுத்த வாரம் அவன் என்று காத்திருக்க வேண்டும். சினிமாவுக்குப் போகக் கூடாது. துக்க வீட்டுக்குப் போனாலும் கம்ப்யூட்டர் பையோடு போக வேண்டும். அமெரிக்காவில் கடை திறந்திருக்கும் பகல் நேரம் நமக்கு ராத்திரி. அந்த ராக்காவல் சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் தலையில் விழுவது சாதாரணம்.

"யந்திரமே குணமாகிவிடும் என்றீர்களே, பிறகு ஆள் எதற்கு?" என்று கேட்கலாம். இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம். இரண்டும் சம்பந்தப்பட்ட கம்பெனிகளே வெளியிட்ட விவரம்.

2023 மார்ச் 14ஆம் தேதி ரெட்டிட் என்ற பெரிய கம்பெனியின் தளம் 314 நிமிஷம் படுத்துவிட்டது. குபர்நெட்டீசைப் பழைய பதிப்பிலிருந்து ஒரு படி மேலே, 1.23இலிருந்து 1.24க்கு, மாற்றினார்கள். புதிய பதிப்பில் தலைமை யந்திரங்களுக்கு ஒட்டியிருந்த சீட்டில் ஒரு சொல் நீக்கப்பட்டிருந்தது. 'மாஸ்டர்' என்ற சொல், அதாவது எஜமான்! அந்தச் சீட்டை நம்பித்தான் கண்டெய்னர்களுக்கு இடையே வழிகாட்டும் ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. சீட்டு போனது, வழி போனது, எல்லாம் நின்றது. அந்த வழிகாட்டி ஏற்பாட்டைப் பல வருஷத்துக்கு முன் அமைத்தவர்களில் அநேகமாக எல்லாரும் வேறு வேலைக்கோ வேறு கம்பெனிக்கோ போய்விட்டார்கள். அது அங்கே இருப்பது தெரிந்தவரே இல்லை. வேறு வழியின்றி, காப்பாக வைத்திருந்த பழைய பிரதியிலிருந்து திரும்ப எழுப்பினார்கள். பழைய பிட்டர் ரிட்டயர் ஆனபின் கார்டிங் மெஷின் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று தெரியாமல் மானேஜர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதை நம் தோழர்கள் பார்த்ததில்லையா? அதே கதைதான்.

இரண்டாவது இன்னும் வேடிக்கை. 2024 டிசம்பர் 11. சாட்ஜிபிடி என்பதை நடத்தும் ஓப்பன் ஏஐ கம்பெனி தன் கிளஸ்டர்களை இன்னும் நன்றாகக் கண்காணிக்க வேண்டும் என்று ஒரு புதிய கண்காணிப்புக் கருவியை இறக்கியது. சின்ன கிளஸ்டரில் சோதித்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. பெரிய கிளஸ்டர்களில் போட்டதும், ஆயிரக்கணக்கான சர்வர்களில் உட்கார்ந்த கண்காணிப்பாளர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஆபீஸ் ஜன்னலுக்கு ஓடி, "விவரம் கொடு, விவரம் கொடு" என்று முட்டினார்கள். ஆபீஸ் மூச்சுத் திணறி விழுந்தது. ஒரு கண்டெய்னர் இன்னொன்றின் விலாசத்தைத் தெரிந்துகொள்ள அந்த ஆபீசைத்தான் நம்பியிருந்தது. பழைய விலாசம் கையில் இருந்தவரை கொஞ்ச நேரம் ஓடிற்று. அதனால் ஆபத்து உடனே கண்ணில் படாமல், கருவி எல்லா இடத்திலும் பரவும்வரை மறைந்திருந்தது. பிறகு எல்லாம் நின்றது. அமெரிக்க மேற்குக் கரை நேரம் பிற்பகல் 3.16 முதல் இரவு 7.38 வரை. நம் ஊர்க் கணக்கில் விடியற்காலை 4.46 முதல் காலை 9.08 வரை.

கேடு விளைவித்த கருவியைப் பிடுங்கி எறிந்தால் சரியாகிவிடும் என்று எஞ்ஜினீயர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் பிடுங்குவதற்கும் அதே ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும். ஜன்னலில்தான் கூட்டம் நெரிகிறதே! கிளஸ்டரைச் சிறிதாக்கினார்கள், ஜன்னலுக்கு வரும் வழிகளை அடைத்தார்கள், ஆபீசைப் பெரிதாக்கினார்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்து, இடுக்கு கிடைத்தபோது நுழைந்து அந்தக் கருவியைப் பிடுங்கினார்கள். யார்? தானே குணமாகும் யந்திரமா? தூக்கத்தையும் சாப்பாட்டையும் விட்டு உட்கார்ந்திருந்த மனிதர்கள்.

கண்காணிப்பைக் கூட்டுவது வேறு, கவனிப்பைக் கூட்டுவது வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? யந்திரத்தின் சூட்டையும் மூச்சையும் 15 விநாடிக்கு ஒரு தடவை அளக்கிறார்கள். அந்த யந்திரத்துக்காக விழித்திருப்பவன் இந்த வாரம் எத்தனை தடவை எழுப்பப்பட்டான், அதில் எத்தனை தடவை வீணாக எழுப்பப்பட்டான் என்று அளக்கும் கோடு எத்தனை கம்பெனித் திரைகளில் இருக்கிறது?

இந்த வேலைக்கு ஓர் அளவு வேண்டும் என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கையல்ல. கூகுள் கம்பெனி எஞ்ஜினீயர்களே 2016இல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்கள். யந்திரங்களை நம்பகமாக ஓட்டுவது எப்படி என்பதைச் சொல்லும் புத்தகம். அதில் என்ன எழுதியிருக்கிறது? 12 மணி நேரக் காவலில் இரண்டு சம்பவத்துக்கு மேல் ஓர் ஆளால் ஒழுங்காகப் பார்க்க முடியாது. ஒரே ஊரில் இருந்து ராப்பகல் காவல் காப்பதானால் குறைந்தது எட்டு பேர் வேண்டும். தீயணைக்கும் வேலை மொத்த நேரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வேலை நேரத்துக்கு வெளியே காத்திருப்பதற்கு மாற்று விடுமுறையோ பணமோ தர வேண்டும். மணி அடித்தால் மனிதன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மணியே தேவையில்லை. எவ்வளவு நியாயமான விதிகள்! ஆனால் இவை ஒரு கம்பெனி தன் விருப்பத்தில் எழுதிக்கொண்டவை. கருவியைக் காப்பியடித்த கம்பெனிகள் ஆயிரம். அந்தப் பக்கத்தைக் காப்பியடித்தவை எத்தனை? எட்டு பேர் செய்ய வேண்டியதை மூன்று பேரை வைத்து முறை போட்டு, "தியாக உணர்வு" என்று பேர் வைக்கும் இடங்கள் உண்டு.

"மாதச் சம்பளம் கொழுக்க வாங்குகிறவர்களுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று வயலில் நிற்கும் தோழர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். முதலாவதாக, எல்லாரும் கொழுக்க வாங்குவதில்லை. இடையில் ஒரு கான்டிராக்ட் கம்பெனி புகுந்து கமிஷன் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பது அங்கேயும் உண்டு. இரண்டாவதாக, சம்பளம் கூட என்பதால் ராத்திரி பகலாகிவிடாது. பட்டை உரித்துப் பேசினால் கேள்வி ஒன்றுதான். வேலை செய்கிற நேரம் மட்டும்தான் வேலையா, வேலை வருமா என்று காத்துக் கிடக்கிற நேரமும் வேலையா?

இந்தக் கேள்விக்கு நம் கிராமம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. ஐப்பசி மழையில் கரை என்ன ஆகிறது என்று ராத்திரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரையில் கிடப்பார். பல ராத்திரிகளில் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்கவில்லையே என்று அறுவடையில் அவர் பங்கு நெல்லை யாரும் பிடித்து வைத்ததில்லை. ஆயக்கட்டுக்காரர்கள் எல்லாரும் அளந்து கொடுத்தார்கள். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத்தானே அவர் அங்கே கிடந்தார்!

ஐரோப்பாவில் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. பெல்ஜியத்தில் நிவெல் என்ற ஊரில் ஒரு தீயணைப்பு வீரர். வீட்டில் இருக்கலாம், ஆனால் கூப்பிட்டால் எட்டு நிமிஷத்துக்குள் நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில்தானே இருந்தாய், எதற்குச் சம்பளம் என்றது நகரசபை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. எட்டு நிமிஷக் கயிற்றில் கட்டிப்போட்டால் அந்தக் காத்திருப்பு வேலை நேரம்தான் என்று 2018 பிப்ரவரி 21ஆம் தேதி தீர்ப்பாயிற்று. காத்திருக்கும் நேரத்துக்கு எவ்வளவு ரேட் என்பதை அந்த நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை. அதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிட்டது. ஐந்து நிமிஷத்தில் போனை எடு, பதினைந்து நிமிஷத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார் என்று விதிக்கப்பட்டவர்கள் அந்தத் தீயணைப்பு வீரரைவிட எந்த வகையில் சுதந்திரமானவர்கள்?

யந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இரும்புப் பெட்டி வந்தபோது அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில் என்ன செய்தது? பெட்டியைக் கடலில் தள்ளவில்லை. 1960இல் முதலாளிகளை உட்கார வைத்து, யந்திரத்தால் மிச்சமாகும் பணத்தில் எங்கள் பங்கு என்ன என்று கேட்டது. பதிவு பெற்ற தொழிலாளிக்கு வேலை உத்தரவாதம், முன்கூட்டி ஓய்வு பெறுபவருக்குப் பணம் என்று நிதி கட்ட வைத்தது. ஒப்பந்தத்தில் குறை இல்லாமல் இல்லை. பதிவு பெறாத தொழிலாளிக்கு அதனால் அதிகப் பயன் இல்லை. 1971இல் அதே சங்கம் நீண்ட வேலைநிறுத்தத்தில் இறங்க வேண்டியும் வந்தது. ஆனாலும் கேட்டார்கள், கணக்குப் பார்த்துக் கேட்டார்கள்.

இந்த எழுத்துக் கண்டெய்னர் விஷயத்தில் அப்படிக் கேட்டவர்கள் குறைவு. குபர்நெட்டீசும் புரோமித்தியசும் இன்று எந்த ஒரு முதலாளிக்கும் சொந்தமல்ல. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதுவது, யாரும் எடுத்து ஓட்டலாம். கலப்பை பொதுச் சொத்து. நிலமோ, அதாவது அந்தக் கொட்டகைகளில் மிகப் பெரும் பகுதி, அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் என்ற மூன்று கம்பெனிகள் கையில். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இப்போதைக்கு நாம் சொல்வது இதுதான். காத்திருக்கும் ராத்திரியை வேலை நேரக் கணக்கில் ஏற்ற வேண்டும். முறைக்கு இத்தனை பேர் என்ற அளவு எழுத்தில் இருக்க வேண்டும். எந்த மணி அடிக்க வேண்டும், எது அடிக்க வேண்டாம் என்று தீர்மானிப்பதில், மணிக்கு எழுந்திருக்கிறவனுக்கும் பேச்சு வேண்டும். வீண் மணியைக் கழற்றி எறியும் அதிகாரம் அவனுக்கு இருந்தால் தூக்கமும் மிஞ்சும், யந்திரமும் நன்றாக ஓடும். பத்து தடவை பொய்யாகக் கூவிய சங்குக்குப் பதினோராவது தடவை எவன் ஓடுவான்?

இந்த வேலையில் பிள்ளைகள் இருக்கிற தோழர்கள் அவர்களிடம் சொல்லுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மணி அடித்த தேதி, நேரம், எழுந்து எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம், உட்கார்ந்ததற்கு அவசியம் இருந்ததா என்று நான்கு கட்டம் போட்டு ஒவ்வொரு தடவையும் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு டீமில் இருக்கும் அத்தனை பேரும் மூன்று மாதம் குறிக்கட்டும். கம்பெனித் திரையில் இல்லாத கோட்டை அவர்களே வரைந்துகொண்டு போய் மானேஜர் மேஜையில் வைக்கட்டும்.